மலை ஏறும் தாய்மார்! மலைபோல் ஏறும் விலை!

அதிகாலை 5 மணி.

மேற்கே மலை இன்னும் இருட்டாக நிற்கிறது. தேவாரம் விழித்துக்கொண்டுவிட்டது. டீக்கடையில் பாய்லர் கொதிக்கிறது. ரோட்டு ஓரத்தில் வரிசையாக ஜீப்புகள். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஏறுகிறார்கள்.

"மதினி, சீக்கிரம் வா! வண்டி கிளம்பப் போகுது!"

"இந்தா வந்துட்டேன். சோத்துல தண்ணி ஊத்திட்டு வரவேண்டாமா?"

எங்கே போகிறார்கள் இவர்கள்? மலைக்கு மேலே. ஏலக்காய் எடுக்க!

தேனி மாவட்டத்தில், உத்தமபாளையம் தாலுகாவில், மலை அடிவாரத்தில் இருக்கிறது தேவாரம். வடக்கே போடிநாயக்கனூர். தெற்கே கோம்பை, உத்தமபாளையம். மலை உச்சியைத் தாண்டினால் கேரள ராஜ்யம். உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை, நெடுங்கண்டம் எல்லாம் ஏலத்தோட்டங்கள். அங்கே வேலை செய்யும் கைகளில் ஏராளமான கைகள் இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்களின் கைகள்.

தேவாரத்துக்கு நேர் மேலே சாக்குலூத்து மெட்டு. அந்த வழியாக ரோடு வேண்டும் என்று ஊரார் வெகு காலமாகக் கேட்டு வருகிறார்கள். ரோடு இல்லாததால், ஜீப்புகள் போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ சுற்றிக்கொண்டு போகின்றன.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய், செடியின் அடியில் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். குனிந்து, உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மழை, குளிர், அட்டைக்கடி எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாலையில் ஜீப் இறங்கி வீடு சேரும்போது பொழுது சாய்ந்துவிடும்.

அப்புறம்தான் அடுப்பு மூட்ட வேண்டும். அடுப்பில் எதை வைப்பது?

அதுதான் இந்தக் கட்டுரையின் கதை.

7 ஆயிரம் ரூபாய் ஏலக்காய்

2019 ஆகஸ்டு மாதம். மலைமேல் புற்றடியில் ஏலக்காய் ஏலம் நடந்தது. ஒரு கிலோ என்ன விலைக்குப் போனது தெரியுமா? உச்ச விலை 7 ஆயிரம் ரூபாய்! அதற்கு முந்தின ஆண்டு கேரளத்தில் பெருவெள்ளம். செடிகள் அழிந்தன. சரக்கு குறைந்தது. விலை எகிறியது.

மூன்றே ஆண்டுகளில் அதே ஏலக்காய் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது.

விலை ஏழு மடங்கு ஏறினால் கூலியும் ஏழு மடங்கு ஏறுமா? ஏறாது. விலை இறங்கினால் வேலை குறையுமா? குறையும்! "காய் விலை இல்லை, ஆள் வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். கூலிக்காரக் குடும்பத்துக்கு ஏற்றத்தில் பங்கு இல்லை. இறக்கத்தில் பங்கு உண்டு.

அரிசி, பருப்பு, எண்ணெய் விலையோ அப்படி அல்ல. அது ஏறினால் முதல் அடி விழுவது ஏழை வீட்டு அடுப்பில்தான். பணக்காரர் வீட்டில் வருமானத்தில் சிறு பகுதிதான் சாப்பாட்டுக்குப் போகிறது. கூலிக்காரர் வீட்டில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போய்விடுகிறது. ஆகவே ஒரே விலையேற்றம் இரண்டு வீட்டிலும் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒரு வீட்டில் அது முணுமுணுப்பு. இன்னொரு வீட்டில் அது பட்டினி.

வீட்டுக் கணக்கு

வாருங்கள், ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள். நான்கு பேர் உள்ள முன்னுரிமைக் கார்டுக் குடும்பம்.

ரேஷன் கடையில் இந்தக் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி இலவசம். 2025-ஆம் ஆண்டு நிலவரப்படி துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சர்க்கரை கிலோ 25 ரூபாய். ஆளுக்கு அரைக் கிலோ வீதம் 2 கிலோ சர்க்கரைக்கு 50 ரூபாய்.

மொத்தம் 105 ரூபாய்.

இதே சாமான்களை மளிகைக் கடையில் வாங்கினால்? அரிசி கிலோ 50 ரூபாய், பருப்பு 140, எண்ணெய் 130, சர்க்கரை 45 என்று வைத்துக்கொள்வோம். கூட்டிப் பாருங்கள். 1,360 ரூபாய்!

ஆக, மிச்சம் 1,255 ரூபாய்.

இப்போது இன்னொரு கணக்கு. வெளியே விலையெல்லாம் கால் பங்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். 1,360 ரூபாய்ச் சாமான் 1,700 ரூபாய் ஆகிவிடும். ரேஷன் கடையில்? அதே 105 ரூபாய்தான். மிச்சம் 1,595 ரூபாய்.

சூட்சுமம் புரிகிறதா? வெளியே விலை ஏற ஏற, ரேஷன் சாமானின் அருமையும் ஏறுகிறது. விலைவாசி மழை என்றால் ரேஷன் கடை குடை. மழை வலுத்தால்தான் குடையின் அருமை தெரியும்.

"இலவசமாகக் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ அரிசி பொங்கினால், 20 கிலோ எத்தனை நாள் வரும்? பதின்மூன்று நாள்! மாதத்தில் மீதி 17 நாளுக்கு? மலை ஏறித்தான் ஆக வேண்டும். பதின்மூன்று நாள் அரிசியை வைத்துக்கொண்டு சோம்பேறியாக இருக்க யாராலும் முடியாது!

குடை வந்த கதை

இந்தக் குடை ஒரே நாளில் வந்துவிடவில்லை. அதற்கு நீண்ட கதை உண்டு.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. ரங்கூன் அரிசி வருவது நின்றது. விலை பறந்தது. அப்போதுதான் நம் நாட்டில் நகரம் நகரமாக ரேஷன் வந்தது. யுத்தம் முடிந்தும் கட்டுப்பாடு நீடித்தது. 1952-ல் முதல் மந்திரி ராஜாஜி அதை நீக்கினார்.

அறுபதுகளில் மீண்டும் பஞ்சம் எட்டிப் பார்த்தது. மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. நம் பாட்டிமார் அந்தக் காலத்துக் கோதுமையையும் மைலோவையும் பற்றி இன்றும் சொல்வார்கள். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது.

1967 தேர்தலில் அரிசியே பேச்சு. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. வாக்குறுதி தந்தது. அண்ணா முதல் மந்திரி ஆனார். சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி கொடுக்கப்பட்டது. செலவு தாங்காததால் அதை எல்லா ஊருக்கும் கொண்டுபோக முடியவில்லை. ஆனால் ஓர் எண்ணம் மக்கள் மனத்தில் ஊன்றிவிட்டது: அரிசி விலைக்குச் சர்க்கார் பொறுப்பு!

1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. நெல்லை வாங்கிச் சேமித்துக் கடைகளுக்கு அனுப்பும் வேலை அதற்கு. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2006-ல் கருணாநிதி அரசு ரேஷன் அரிசியைக் கிலோ 2 ரூபாய் ஆக்கியது. 2008-ல் அது 1 ரூபாய் ஆனது. 2011 ஜூன் முதல் ஜெயலலிதா அரசு அரிசியை இலவசம் ஆக்கியது.

ஆட்சிகள் மாறின. கட்சிகள் மாறின. ஆனால் ரேஷன் கடையை மட்டும் யாரும் மூடவில்லை.

இந்தோனேசியாவும் தேவாரமும்

அரிசி மட்டும் போதுமா? குழம்புக்குப் பருப்பு வேண்டாமா? தாளிக்க எண்ணெய் வேண்டாமா? 2007-ல் விலைவாசி ஏறியபோது பருப்பும் பாமாயிலும் சிறப்பு விநியோகமாக ரேஷன் கடைக்கு வந்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாமாயில் நம் ஊர்ச் சரக்கு அல்ல. பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. 2022 பிப்ரவரியில் ரஷியா உக்ரைன் மீது படையெடுத்தது. அங்கேயிருந்து சூரியகாந்தி எண்ணெய் வருவது தடைப்பட்டது. உலகமே பாமாயிலைத் தேடி ஓடியது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா, "எங்கள் மக்களுக்கே எண்ணெய் இல்லை" என்று ஏற்றுமதியைத் தடுத்தது. மே மாதத்தில்தான் தடை நீங்கியது.

எங்கேயோ யுத்தம். எங்கேயோ தடை. அதன் சூடு தேவாரத்து மளிகைக் கடையில் தெரிந்தது. ஆனால் ரேஷன் கடையில் பாமாயில் அதே 25 ரூபாய்!

பருப்பும் அப்படியே. 2015-ல் வடநாட்டில் மழை குறைந்து, துவரம் பருப்பு பல நகரங்களில் கிலோ 200 ரூபாயை எட்டியது. ரேஷன் கடையில் 30 ரூபாய்.

மாயமா? மந்திரமா? இல்லை. சர்க்கார் வெளியே முழு விலை கொடுத்து வாங்குகிறது. வித்தியாசத்தை அரசாங்கக் கஜானா தாங்குகிறது. கஜானா யாருடையது? நம்முடையது! சோப்பு வாங்கும்போதும், செருப்பு வாங்கும்போதும் நாம் கொடுக்கும் வரியும் அதில் இருக்கிறது. ஆகவே ரேஷன் சாமான் யாரோ போடும் பிச்சை அல்ல. நம் பணம் நமக்குத் திரும்பி வருகிறது.

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அப்போது சென்னையில் முதலில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றார்கள். கூட்டம் அலைமோதியது.

மலைப் பாதை அடைத்த நாள்

2020 மார்ச்சு. கொரோனா வந்தது. நாடு முழுவதும் ஊரடங்கு. கேரள எல்லை அடைபட்டது. போடிமெட்டில் தடுப்பு. கம்பம்மெட்டில் தடுப்பு. ஜீப்புகள் நின்ற இடத்தில் நின்றன. ஏலத்தோட்டம் மேலே. எடுக்க வேண்டிய கைகள் கீழே.

கூலி நின்றது. பசி நிற்குமா?

அந்த நாட்களில் இந்த அடிவாரத்து ஊர்களைக் காத்தது எது? ரேஷன் கடைதான். 2020 ஏப்ரலில் மாநில அரசு கார்டுக்கு 1,000 ரூபாயும், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தது. மத்திய அரசு ஆளுக்கு 5 கிலோ கூடுதல் தானியம் அறிவித்தது. அடுத்த ஆண்டு இரண்டாவது அலை வந்தபோது, இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் 14 வகை மளிகைச் சாமானும் கிடைத்தன.

புதிதாகக் கடை திறந்தா கொடுத்தார்கள்? இல்லை. ஏற்கெனவே தெருவுக்குத் தெரு கடை இருந்தது. கார்டு இருந்தது. கிட்டங்கி இருந்தது. நல்ல காலத்தில் கட்டி வைத்த குளம் கெட்ட காலத்தில் தண்ணீர் கொடுத்தது.

அரிசியா? ரூபாயா?

2023 செப்டம்பர் 15-ந் தேதி மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. குடும்பத் தலைவியின் பேங்க் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். தொடக்கத்தில் ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்கள் பெற்றார்கள்.

"சாமான் கொடுப்பது நல்லதா? பணம் கொடுப்பது நல்லதா?" என்று படித்தவர்கள் பட்டிமன்றம் நடத்துகிறார்கள்.

பணத்துக்கு ஒரு நன்மை உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அரிசியைக் கொண்டுபோய் மருந்துக் கடையில் கொடுக்க முடியுமா? நோட்டுப் புத்தகம், கேஸ் சிலிண்டர், காய்கறி எல்லாவற்றுக்கும் ரொக்கம் வேண்டும். பெண்ணின் பெயரில் வரும் பணம் பெண்ணின் கையில் நிற்கிறது. அது பெரிய காரியம்.

ஆனால் பணத்துக்கு ஒரு குறையும் உண்டு. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு 1,000 ரூபாய்க்கு இன்றைய 840 ரூபாய்ச் சரக்குத்தான் கிடைக்கும். நோட்டில் எழுதியிருப்பது அதே ஆயிரம். பை மட்டும் சிறுத்துப்போகும். அரிசிக்கு அந்தக் குறை இல்லை. 20 கிலோ என்றைக்கும் 20 கிலோதான்.

இரண்டு கண்ணில் எந்தக் கண் வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது? இரண்டும் வேண்டும். பசிக்கு அரிசி. மற்றதற்கு ரூபாய். பணம் கொடுக்கிறோம் என்று சொல்லிக் கடையை மூடினால், அடுத்த விலையேற்றத்தில் குடை இல்லாமல் நனைய வேண்டியதுதான்.

ஓட்டைகளும் உண்டு

குடையில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. மறைக்கக் கூடாது.

முதல் ஓட்டை, நேரம். ஜீப் 5 மணிக்குப் புறப்படுகிறது. கடை 9 மணிக்குத் திறக்கிறது. ஜீப் திரும்பும்போது கடை மூடியிருக்கிறது.

"என்னண்ணே, பருப்பு வந்திருச்சா?"

"நாளைக்கு வரும்க்கா."

"நாளைக்கு நான் மலையில இருப்பேனே! இன்னைக்கே ஒரு நாள் கூலி போச்சு."

இப்படிப்பட்ட பேச்சு எந்த ரேஷன் கடை வாசலிலும் கேட்கும். 30 ரூபாய்ப் பருப்புக்காக ஒரு நாள் கூலியை இழந்தால் லாபம் எங்கே?

இரண்டாவது ஓட்டை, விரல் ரேகை. கடையில் இயந்திரத்தின்மேல் விரலை வைக்க வேண்டும். மண்ணிலும் செடியிலும் உழைத்துத் தேய்ந்த விரலை இயந்திரம் சில சமயம் அடையாளம் காண்பதில்லை. உழைத்ததற்கான அத்தாட்சி அந்தத் தேய்ந்த விரல்தான். அதையே இயந்திரம் "தெரியாது" என்கிறது!

மூன்றாவது ஓட்டை, கடத்தல். எல்லையில் இருக்கும் ஊர் அல்லவா? இலவச அரிசியை மூட்டை மூட்டையாக வாங்கி மலைக்கு மேல் கடத்தும் கூட்டம் உண்டு. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பாதைகளில் போலீசார் அவ்வப்போது பிடிக்கிறார்கள். ஏழைக்கு என்று ஒதுக்கிய அரிசி லாரி ஏறினால், குடை கிழிந்தது என்று அர்த்தம். விற்பவரும் யோசிக்க வேண்டும். கிலோவுக்குச் சில ரூபாய்க்கு இன்று விற்ற அரிசியை, மாதக் கடைசியில் 50 ரூபாய்க்கு வாங்க நேரிடும்.

ஓட்டைகளை அடைக்கும் வேலையும் நடக்கிறது. 2025 ஆகஸ்டு 12-ந் தேதி தாயுமானவர் திட்டம் தொடங்கியது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே சாமான் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் நோக்கம். முதியோர் வீட்டுக்கு வண்டி போக முடியும் என்றால், ஜீப் திரும்பும் நேரத்தில் கடை ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருக்க முடியாதா? மலைத் தொழிலாளர் ஊர்களுக்கு மட்டுமாவது இதைச் செய்யலாமே!

தாய்மார்கள் கவனத்துக்கு

1. மாதத்தின் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஷன் கடை திறந்திருக்கும். அதற்குப் பதிலாக முதல் இரண்டு வெள்ளிக்கிழமைகள் விடுமுறை. மலை வேலைக்குப் போகிறவர்கள் அந்த ஞாயிறுகளைத் தவறவிட வேண்டாம்.

2. கார்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மருமகள் பெயரும் பேரப்பிள்ளை பெயரும் சேர்ந்திருக்கிறதா? பெயர் இல்லாவிட்டால் பங்கு இல்லை.

3. தோட்டத்திலேயே தங்கி வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சேதி. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. முன்னுரிமைக் கார்டும் அந்த்யோதயா கார்டும் உள்ளவர்கள் வெளி மாநிலத்திலும் தானியம் வாங்கலாம்.

4. வாங்காத பொருளுக்கு வாங்கியதாக போனுக்குச் செய்தி வந்தால் சும்மா இருக்காதீர்கள். 1967 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள். அண்ணா ரூபாய்க்கு ஒரு படி போட்ட வருஷமும் 1967. எண் மறக்காது!

மாலை 6 மணி. ஜீப்புகள் தேவாரத்துக்கு இறங்கி வருகின்றன. பெண்கள் இறங்குகிறார்கள். சேலையில் ஏலக்காய் மணக்கிறது. கால் வலிக்கிறது. ஆனால் நடை தளரவில்லை. வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

நாடு முழுவதும் பாயசத்தில் மணக்கும் ஏலக்காய், இவர்கள் எடுத்துக் கொடுத்தது. இவர்கள் வீட்டில் பாயசம் கொதிக்காவிட்டாலும், சோறு கொதிக்க வேண்டும்.

விலைவாசி ஏறும், இறங்கும். அதை யாராலும் முழுக்கத் தடுக்க முடியாது. ஆனால் உழைக்கிறவர் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள முடியும். அதற்குத்தானே சர்க்கார்!